உறைப்பை அலசித் தந்தவர்

எங்கள் வார்டில் தாய்மாரோடு இருந்த சின்னப் பிள்ளைகள், மத்தியானச் சாப்பாடு வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம்தான் போவார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்திருப்பார். கறியில் கிடக்கும் மீன் துண்டை எடுத்து அந்தத் தண்ணீரில் அலசி, விரலால் தடவி முள்ளை எடுத்துவிட்டு, சோற்றின் மேல் வைப்பார். "இப்ப ஒறப்பில்ல. தின்னுங்க மகன்." பிள்ளை மென்று விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். சிறையில் தருகிற மீன் துண்டு எவ்வளவு பெரிசு என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் அலசி முடித்தால் அதில் உறைப்பும் இருக்காது, மீனும் இருக்காது. ஆனாலும் பிள்ளைகள் அழாமல் சாப்பிட்டன.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவார்கள். அங்கே சிங்களப் பெண்களும், தேயிலைத் தோட்டத்துப் பெண்களும், காவலுக்கு நிற்கிற மெடம்மாரும்கூட அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டுகஸ்தோட்டைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தண்டனைக் கைதிகளுக்குத் தரும் வெள்ளை உடுப்பை அவர் மடிப்புக் கலையாமல் உடுத்தியிருப்பதைப் பார்த்தால், ஏதோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் போல இருக்கும். என்ன குற்றத்துக்கு வந்தவர் என்று கேட்டால், "ஒரு சுடுதண்ணிக் கேத்தல் புள்ள, வேற ஒன்டுமில்ல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. என் அண்ணன் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு பொட்டலத்தை ஒளித்து வைத்தான். பொலிஸ் வந்த நேரம் அவன் இல்லை, நான் இருந்தேன். என் மேல் குற்றமில்லை என்று வழக்கு முடியும் வரை, கண்டிக்குப் பக்கத்திலே அந்த மதிலுக்குள் இருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உள்ளே போன பிறகு அது இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது.

புதன்கிழமைகளில் பேராதனையிலிருந்து ஒரு மிஸ் வருவார். மனதில் அடிபட்ட பெண்களோடு பேசுவது அவருடைய வேலை. சிங்களவர், இளம் வயது, குடையை மடித்துக் கதவோரம் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே வருவார். தையல் மெஷின்களைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு நாங்கள் கதிரைகளை வட்டமாகப் போடுவோம். மிஸ்ஸிடம் ஒரு முறை இருந்தது. நூல் தீர்ந்துபோன ஒரு கட்டையை எடுத்து ஒருத்தியின் கையில் கொடுப்பார். கட்டை யார் கையில் இருக்கிறதோ அவள் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லையென்றால் அடுத்தவளிடம் கட்டையைக் கொடுத்துவிடலாம். வட்டத்தில் சொன்னது வட்டத்தோடு நிற்க வேண்டும். முதல் தடவை இதைக் கேட்டபோது, பாலர் பாடசாலை விளையாட்டுக்கா என்னைக் கூட்டி வந்தீர்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாம் புதன் அந்தக் கட்டை என் கைக்கு வந்தபோது, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுதவளும் நான்தான்.

மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குச் சிங்களம் வராது. நடுவில் ராத்தா. அவருக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஊரில் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பொலிசுக்குப் போனாலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கப் போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்களாம். வட்டத்தில் மிஸ்ஸுக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. கதிரையின் விளிம்பில், முதுகு சாயாமல், யார் பேசினாலும் அந்தப் பக்கம் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். கட்டை அவரிடம் வரும்போது மட்டும், "நான் உங்கட வாய் தானே. வாய்க்குக் கத ஈக்கா?" என்று சிரித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்துவிடுவார். அவர் பேச்சில் இருக்கு என்பது ஈக்கி என்றும், சொல்வது செல்வது என்றும் வரும்.

அவர் மொழிபெயர்க்கிற விதத்தை முதலில் கண்டுபிடித்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவள் நான். என் சிங்களம் மீட்டர் கணக்குச் சிங்களம். துணி அளக்கலாம், விலை பேசலாம், வாய்ச்சண்டை போடலாம். அது போதுமாக இருந்தது.

அன்று நான் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவன் எனக்கு அண்ணனே இல்ல. அவன் நாசமாப் போகணும். செத்தாலும் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று கத்தினேன். ராத்தா மிஸ் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற தாய் போல ஒரு வசனம் சொன்னார். அதன் பொருள்: தங்கைக்கு அண்ணனோடு கொஞ்சம் மனஸ்தாபம். மிஸ் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்ததைப் பார்த்து மிஸ் அதையும் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாருடைய கதைக்கும் அதுதான் கதி. ஒருத்தி சொன்ன உதையும் அடியும் ராத்தாவின் வாயைத் தாண்டும்போது வாய்த்தர்க்கமாகிவிடும். பட்டினி, சாப்பாட்டுக் குறைவாகிவிடும். அவருக்குப் பிடித்த ஒரு சிங்கள வார்த்தை இருந்தது: "பொடி பிரஸ்னயக்." சின்னப் பிரச்சினை ஒன்று என்று பொருள். எதைச் சொன்னாலும் அதில் போய் முடியும். மீன் துண்டை அலசுகிற அதே கைதான், வேறொன்றுமில்லை.

ஏன் இப்படி என்று கேட்டபோது அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது. வட்டம் நடக்கும்போது தையல் அறைக் கதவை மூட அனுமதி இல்லை. வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவல் மெடம் உட்கார்ந்திருப்பார். நான் வருவதற்கு முன் ஒரு சிங்களப் பெண் தன் சித்தப்பா செய்ததை வட்டத்தில் சொன்னாளாம். அடுத்த நாள் குளிக்கிற வரிசையில் இன்னொருத்தி அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தாளாம். வாசலில் அன்று இருந்த மெடம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் அந்தப் பெண் பிறகு வட்டத்துக்கு வரவேயில்லை.

"தமிழ்ல செல்ற வரக்கிம் அது எங்களுக்குள்ள ஈக்கி புள்ள," என்றார் ராத்தா. "நான் சிங்களத்துல செல்லிய ஒடன அது கதவத் தாண்டிப் போற. இந்தப் புள்ளகள்ட மானத்த நான் எப்படி வாசலுக்கு அனுப்ப?"

என் வாயையே அடைத்துவிட்டவர் என்ற வகையில் அவர் மேல் கொஞ்சம் மரியாதையும் வந்தது.

பார்வையாளர் நாளில் அவரைப் பார்க்க மகள் வருவாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வந்தவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் சந்தை மாதிரி இருக்கும். ராத்தாவின் மகள் மட்டும் நேராகப் பார்க்க மாட்டாள். முகத்தைத் திருப்பி, கன்னத்தை வலையில் ஒட்டி வைத்துக்கொள்வாள். என்ன திமிர், பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்தாவோ அதைக் கண்டுகொள்ளாமல் வலைக்குள் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். திரும்பி வரும்போது முகம் பூரித்திருக்கும். "மகள் நல்லா ஈக்கா," என்பார். அவ்வளவுதான் சேதி.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரேவதி வந்தது மழைக்காலத்தில். இருபது வயதைச் சற்றுத் தாண்டியிருப்பாள். நடக்கப் பழகிய ஒரு பெண் குழந்தை இடுப்பில். புருஷனின் கையை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டாள் என்று வழக்கு. அவன் பிழைத்துக்கொண்டான். வந்து பல நாட்களுக்கு அவள் யாரோடும் பேசவில்லை. யாராவது அடுப்படிப் பக்கமிருந்து விறகோடு வந்தால் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நிற்பாள். குழந்தைக்கு மீன் அலசிக் கொடுத்தே ராத்தா அவளைப் பேச வைத்தார். வட்டத்துக்கும் அவர்தான் கூட்டி வந்தார்.

அவளுக்கு வட்டம் வெறும் பேச்சல்ல. அவளுடைய மனநிலை பற்றி நீதிபதிக்கு மிஸ் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அரசாங்கம் கொடுத்த வக்கீல் அவளைக் கோர்ட் வராந்தாவில் நின்ற நிலையில் பார்த்துவிட்டுப் போனவர். அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சம். ஆகவே அவள் ஏன் கத்தியைத் தூக்கினாள் என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டுமானால் அது மிஸ்ஸின் அறிக்கையில்தான் இருக்க வேண்டும். அது அங்கே போக ஒரே வழி, ராத்தாவின் வாய்.

ஒரு புதன்கிழமை கட்டை கைக்கு வந்ததும் ரேவதி பேசிவிட்டாள். யாரையும் பார்க்காமல், கட்டையைப் பார்த்தே பேசினாள்.

"அவரு குடிச்சிட்டு வந்தா கதவப் பூட்டிருவாருங்க. அடுப்புல கெடக்குற கொள்ளிய எடுத்து என் தொடையில வைப்பாரு. சத்தம் போட்டா இன்னொன்னு. புள்ளைய எழுப்பி ஒக்கார வச்சு, பாரு பாருன்னு சொல்லுவாரு. அன்னிக்கு எனக்கு வச்சிட்டு, கொள்ளியோட புள்ள பக்கம் திரும்புனாரு. கத்தி கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு. அவ்வளவுதாங்க."

மிஸ் ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வெளியே வந்த சிங்களம் இவ்வளவுதான்: புருஷன் குடிப்பான், குழந்தையோடும் கொஞ்சம் முரட்டுத்தனம், அதனால் வீட்டில் பொடி பிரஸ்னயக்.

மிஸ் கெட்டிக்காரிதான். ஆனால் கைக்கு வந்ததை வைத்துத்தானே எவரும் சமைக்க முடியும்? அடுத்த புதன் அவர் முகமெல்லாம் மலர்ச்சியோடு ஒரு யோசனை கொண்டு வந்தார். ரேவதியின் புருஷன் சிறை வாசலுக்கு வந்திருக்கிறான், மன்னித்துக் கூட்டிக்கொண்டு போகத் தயார் என்கிறான். வருகிற புதன் அவனை உள்ளே அழைத்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசலாம். பேசித் தீர்க்கக்கூடிய குடும்பப் பிரச்சினை என்று அறிக்கையிலும் எழுதலாம்.

மிஸ் சொல்லி முடித்துவிட்டு ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மிஸ் என்னா சொல்றாங்க ராத்தா?" என்று கேட்டாள் ரேவதி.

"நல்லா சாப்பிடச் செல்ற புள்ள," என்றார் ராத்தா. "நீங்க மெலிஞ்சி ஈக்கிற என்டு."

ரேவதி மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். சம்மதம் கிடைத்துவிட்டது என்று மிஸ்ஸும் சிரித்தார். நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று பின்னேரம் தண்ணீர்த் தொட்டியடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அவரைப் பிடித்தேன். மரியாதையை ஓரம் கட்டிவிட்டுத்தான் போனேன்.

"என்ன ராத்தா, அந்தப் புள்ளைய அவன் கையிலேயே புடிச்சிக் குடுக்கப் போறீங்களா? மானம் மானம்னு சொன்னீங்க. இப்ப உசிரு போகப் போகுது, பரவாயில்லியா?"

அவர் தோய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்றீங்களா, இல்ல மிஸ்கிட்ட நான் சொல்லட்டா?"

"நீங்க செல்ல வாணாம். ஒங்கட சிங்களம் பத்தாது," என்றார். அந்த நேரத்திலும் அதில் ஒரு கௌரவம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் தோய்ப்பதை நிறுத்திவிட்டார். ஈரத்துணியைப் பிழிய முடியாமல் அப்படியே தொட்டி விளிம்பில் வைத்துவிட்டார்.

"வாசல்ல ஈக்கிற மெடத்துக்குப் பயந்து மட்டும் நான் கொறக்கிற இல்ல புள்ள," என்றார். "அது ஒரு நொண்டிச் சாட்டு. அந்தப் பேச்சு என்ட வாயில வாற நேரம் தொண்ட அடைக்கிற. வேற சொல்லு தான் வாற. நான் என்ன செய்ய?"

அவரைத் திட்ட வந்தவள் அவருடைய துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த புதன் வந்தது. ரேவதியின் புருஷன் வெளி வாசலில் வந்து காத்திருக்கிறான் என்று மிஸ் சொன்னார். கட்டையை எடுத்தார். யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் ராத்தா எழுந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். நேராக வாசலுக்கு நடந்தார். அன்று காவலுக்கு இருந்தவர் முழங்கால் வருத்தக்காரி, வயதான மெடம். அவரிடம் ராத்தா சிங்களத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது: "மெடம், உங்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்று, உள்ளே வந்து எங்களில் ஒருத்தியாக உட்காருங்கள். இல்லையென்றால் காது கேட்காத தூரத்துக்குப் போங்கள். வாசலில் இருந்து கேட்காதீர்கள்."

ஒரு கைதி காவலரிடம் பேசுகிற பேச்சா அது? தண்டனைதான் என்று நாங்கள் நடுங்கிப்போய் இருந்தோம். மெடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, எனக்கும் ரேவதிக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ராத்தா கதவைச் சாத்தினார். உள்ளேதானே காவல் இருக்கிறது, யார் என்ன கேட்க?

திரும்பி வந்தவர் மிஸ்ஸிடம் போகவில்லை. ரேவதிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஒங்கட கதய நான் மிஸ்ஸுக்குக் கொறச்சி செல்லிய புள்ள. நீங்க பட்டதுல கால்வாசியும் நான் செல்ல இல்ல. அதால தான் ஒங்கட மாப்பிள வாசல்ல வந்து ஈக்கிற, ஒங்களோட பேச. போன கெழம மிஸ் செல்லியது அது தான், சாப்பாடு இல்ல."

ரேவதி எழுந்து நின்றுவிட்டாள். கண் கதவுக்கும் குழந்தை இருந்த வார்டுக்கும் ஓடியது.

"அவன் உள்ள வர மாட்டான். இப்ப நான் முழுசா செல்லவா? நீங்க செல்லச் சொன்னா மட்டும் தான்."

ரேவதி மெல்ல உட்கார்ந்தாள். "சொல்லுங்க ராத்தா," என்றாள். "காலக் காட்டணும்னாலும் காட்டுறேன்."

ராத்தா சொன்னார். பூட்டிய கதவு, கொள்ளி, எழுப்பி உட்கார வைத்த குழந்தை, அந்த "பாரு பாரு". ரேவதி சொன்ன வரிசையில், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, ஒன்றைக்கூடக் கூட்டாமல், குறைக்காமல். இரண்டு கிழமையாக அத்தனையையும் அப்படியே நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். நடுவில் இரண்டு தடவை குரல் அடைத்தது. இரண்டு தடவையும் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டுத் தொடர்ந்தார். பக்கத்திலிருந்த காவல் மெடம் ரேவதியின் முதுகில் கையை வைத்தார். அந்தக் கை வட்டம் முடியும் வரை அங்கேயே இருந்தது.

மிஸ் பாதியிலேயே எழுந்தார். வெளியே போனார். திரும்பி வந்து, "அவனை அனுப்பிவிட்டேன். இனிமேல் அவன் இங்கே உள்ளே வர மாட்டான்" என்றார். ராத்தா அதைத் தமிழில் சொன்னார், ஒரு சொல் குறையாமல். ரேவதி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி நிம்மதியாக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. எங்களுக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மற்றதை ஓடிச் சொல்லிவிடுகிறேன். மிஸ் புது அறிக்கை எழுதினார். டாக்டர் வந்து தழும்புகளைப் பார்த்தார். ரேவதிக்குப் பிணை கிடைத்தது. பிறகு வழக்கும் அவளுக்கு நல்லபடியாகவே முடிந்தது என்று கேள்விப்பட்டேன். இப்போது கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள், குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. தன் கதையை எழுதச் சொன்னவளும் அவள்தான். அவளாகவே கூப்பிட்டுச் சொன்னாள், "அக்கா, இவ மீன் கறிய அப்படியே திங்கிறா, அலசவே விடுறதில்ல" என்று. காவல் மெடம் தன் முறை வரும் புதன்கிழமைகளில் ஸ்டூலை நேரே உள்ளே கொண்டு வந்து போட்டுவிடுவார். ஒருநாள் கட்டை அவர் கைக்கும் போயிற்று. அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன், அது வட்டத்தோடு நிற்க வேண்டும்.

ராத்தாவை நான் கடைசியாகப் பார்த்தது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், பஸ்ஸுக்கு நின்றபோது. விடுதலையாகிச் சில மாதங்கள் இருக்கும். மகளோடு சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு வலது பக்கமாகத்தான் நடந்தார். தெருவைக் கடந்ததும் மகள் இடம் மாறிவிட, அவர் பின்னால் சுற்றிப் போய் மறுபடி வலது பக்கம் வந்து சேர்ந்துகொண்டார். என்னைக் கண்டு, "ஓ, புடவக்கடப் புள்ள!" என்று நடுத்தெருவில் கட்டிப்பிடித்தார். அவர் அன்று வட்டத்தில் சொன்னதை வட்டத்தோடு நிறுத்தாமல் எழுதலாமா என்று நான் கேட்டதும் அங்கேதான். மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். "எழுதுங்க," என்றார். "பேர மட்டும் வாணாம்."

ஆகவே அன்றைய வட்டத்தின் கடைசிப் பகுதியையும் சொல்லலாம்.

ரேவதி அழுது ஓய்ந்ததும் கட்டை இன்னும் ராத்தாவின் கையில்தான் இருந்தது. வழக்கம்போல அடுத்தவளிடம் கொடுப்பார் என்று பார்த்தோம். கொடுக்கவில்லை. மிஸ் மெதுவாக, "உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

ராத்தா தமிழில் ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க மிஸ்ஸுக்குச் செல்லுங்க புள்ள. இத என்னால சிங்களத்துல செல்ல ஏலாது. செல்லப் போனா பழைய சொல்லு தான் வரும்."

"என் சிங்களம் பத்தாதுன்னீங்க?"

"பத்துற வரக்கிம் செல்லுங்க."

அவர் சொன்னார். "ஒரு நாள் மகள் வீட்டுக்கு வந்த. வாயெல்லாம் வீங்கி ஈந்த. பேச ஏலாது. நான் தான் பொலிசுக்குக் கூட்டிப் போன. என்ன நடந்த என்டு கேட்டாங்க. மகள் என்ட மொகத்தப் பாத்த. மருமகனும் வந்து நிக்கிற, ஊரும் பாக்கிற. எனக்கு சிங்களம் நல்லா வாற தானே. நான் செல்லிய, பொடி பிரஸ்னயக் என்டு. செல்லிட்டு மகள அவனோட அனுப்பிய. அந்தக் கெழமயே அவன் அடிச்சி மகள்ட எடது காது போன. இப்ப அந்தக் காது கேக்கிறேல்ல. அதுக்குப் பொறகு தான் நான் அவன்ட மேல சுடுதண்ணிக் கேத்தலத் தூக்கிய."

பார்வையாளர் நாளில் வலையில் ஒட்டியிருந்த அந்தக் கன்னம் என் கண்ணில் வந்து நின்றது. அது திமிர் இல்லை. கேட்கிற காதைத் தாய்க்குத் திருப்பி வைத்த பிள்ளை அது.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மிஸ் பக்கம் திரும்பி ஆரம்பித்தேன். மகள் வந்தாள், வாய் வீங்கியிருந்தது என்று சொன்னேன். பொலிசுக்குப் போனார்கள் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தொண்டை அடைத்தது. எதிரே அந்த முகம், அந்த வெள்ளை உடுப்பு, பிள்ளைகளுக்கு மீன் அலசிய அந்தக் கைகள். எப்படிச் சொல்வேன்? வாய் தானாக ஒரு வழியைத் தேடிக்கொண்டது. பொலிஸ்காரர்கள்தான் சரியாக விசாரிக்காமல் மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன்.

ராத்தா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கொறக்காதிங்க புள்ள," என்றார். "பொலிஸ் இல்ல. நான் அனுப்பிய. அப்படியே செல்லுங்க."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அப்படியே சொன்னேன். என் மீட்டர் கணக்குச் சிங்களத்தில், தடுக்கித் தடுக்கி, ராத்தாவே தன் மகளை அவனோடு அனுப்பினார் என்று சொன்னேன். அவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் தலையை மெல்ல ஆட்டினார்.

"இப்ப சரி," என்றார்.

கட்டையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். பிறகு கதிரையில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டார். அத்தனை புதன்கிழமைகளில் அவர் சாய்ந்து உட்கார்ந்ததை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.